கடித்ததா என்று மட்டும் கேட்டேன்

காலை ஏழரைக்குக் கிளினிக் கதவைத் திறந்ததுமே ஒரு தாத்தா உள்ளே வந்துவிட்டார். கையில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் பழுப்பு நிற நாய். வாய் பாதி திறந்து தாடை தொங்கியது. எச்சில் நூல் நூலாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. “எலும்பு மா, எலும்பு” என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவரிடம் இருந்த தமிழ் ஆடி மாதக் கூழ் பூசைக்கும் வீட்டுச் சமையலுக்கும் போதும். மீதிக் கதை ஆங்கிலத்தில் வந்தது. முந்தின நாள் வீட்டில் கோழிக்கறியாம். நாய்க்கு எலும்பு போட்டார்களாம். ராத்திரியிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லையாம். காலையில் இரண்டு தடவை வாய்க்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறார், ஒன்றும் அகப்படவில்லை.

நான் எட்டிப் பார்க்கக் குனிந்தேன். கையுறை போடவில்லை. உள்ளறையிலிருந்து வந்த டாக்டர் நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தொடாதே” என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். கல்யாணம் ஆகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். போன் எடுப்பது, அட்டை எழுதுவது, ஊசி போடும்போது பிராணியைப் பிடித்துக்கொள்வது, கூண்டு கழுவுவது எல்லாம் என் வேலை. எங்கள் ஊரில் வெறிநாய் என்றால் வாலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கண்டதையெல்லாம் கடித்தபடி ஓடும் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அப்படி ஓடுவதும் உண்டுதான். ஆனால் மூலையில் சுருண்டு, குரல் கம்மி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் பாவமாக நிற்கிறதே, அதுவும் வெறிநாய்தான். தொண்டைத் தசைகள் செயலிழந்துபோவதால் பார்க்கிறவர்களுக்கு எலும்பு சிக்கியது போலத் தெரியும். வளர்த்த பாசத்தில் கையை உள்ளே விடுவார்கள். கடிக்கிற நாயிடமிருந்தாவது விலகி ஓடுவோம், இதை மடியில் போட்டுத் தடவிக்கொடுப்போம்.

தாத்தாவின் விரல்களில் பல் கீறிய தடம் இருந்தது. குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்பைக் கையில் கொடுத்தேன். ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. ஐந்தாவது நிமிடத்திலேயே, “என்ன மா, துணியா துவைக்கிறேன்?” என்று கேட்டார். நான் விடவில்லை. சோப்புப் பட்டால் இந்தக் கிருமி தாங்காது. கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் தன் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய பெரிய வைத்தியம் இதுதான். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி என்று அப்பிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் கழுவி எடுக்கவே பாதி நேரம் போய்விடும்.

நாய் விஷயத்தில் நாங்களாக ஒன்றும் தீர்மானிக்க முடியாது. 1984-ஆம் ஆண்டின் கால்நடை நோய்ச் சட்டப்படி வெறிநோய் அரசுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நோய். சந்தேகம் வந்தாலே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னோம், வந்தார்கள். நாய்க்குக் கருணை ஊசி போட்டு, மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அலர்ட்டன் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு இருக்கும் நாயின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து வெறியா இல்லையா என்று சொல்லிவிட முடியாது, மூளையைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் கடித்த நாயை மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறெரியும்.

தாத்தா அரசு மருத்துவமனைக்குப் போனார். அன்றைக்கே முதல் ஊசி, அப்புறம் 3, 7, 14-ஆம் நாட்களில் ஒவ்வொன்று, எல்லாம் மேற்கையில். அதோடு கடிவாயிலேயே, காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும், எதிர்ப்புப் புரத மருந்து. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க நாளாகும். அதுவரை வாசலில் நிற்கும் காவல்காரன் இந்த மருந்து. போனில் இதைச் சொன்னபோது ஊரில் அம்மா நம்பவில்லை. “தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடலியா?” என்றாள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. அந்தப் பயம் மட்டும் கடல் தாண்டி இங்கேயும் வந்திருக்கிறது. அதனாலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

பரிசோதனையில் வெறிநோய் என்று உறுதியானது. அதற்குள் நான் என் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன். முதல் நாளே தாத்தாவிடம், “இது யாரையாவது கடித்ததா?” என்று கேட்டேன். “இல்லை” என்றார். ‘கடி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நாலாம் நாள் தாத்தா போன் பண்ணினார். பேத்திக்கு ஐந்து வயது. தினமும் காலையில் படியில் உட்கார்ந்து ரஸ்க்கைப் பாலில் நனைத்துத் தின்பாள். ஒரு கடி அவளுக்கு, ஒரு கடி நாய்க்கு. நாய் அவள் வாயையும் மூக்கையும் நக்கும். அந்த வாரமும் நக்கியது. “ஏன் தாத்தா அன்றைக்கே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “நீ கடிச்சதான்னுதானே மா கேட்டே?” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வாயிலோ கண்ணிலோ புண்ணிலோ வெறிநாயின் எச்சில் பட்டால் அதுவும் ரத்தம் வரக் கடித்ததும் ஒரே வரிசைதான், ஆபத்து மிகுந்த மூன்றாம் வகை. கிளினிக் சுவரில் அந்த அட்டவணை தொங்குகிறது. தினமும் அதன் கீழே நின்றுதான் நான் தேநீர் குடிக்கிறேன். அன்றைக்கே குழந்தையை அழைத்துப் போனார்கள், எல்லா ஊசியும் போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும், சில சமயம் ஒரு வருஷம்கூடப் பதுங்கியிருக்கும், அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. இதெல்லாம் தெரிந்த ஒருத்திக்கு அந்த வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மற்ற வழக்குகளில் ஜனங்கள் சொல்லாமல் விடுவது பயத்தால். ஒரு பெண்மணி போனில் பேசினார். நாய் பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்துவிட்டது, போலீஸ் வரும் என்று பயந்து அதைக் காரில் ஏற்றி டொங்காட் என்ற ஊரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டார்கள், இரண்டே நாளில் அது அங்கிருந்து ஓடிவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நன்றாக இருக்கும் நாய் கடித்தால் அதைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிப்பது வழக்கம். நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்புதான் கிருமி எச்சிலுக்கு வரும். ஆகவே பத்தாவது நாளும் நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிட்டால், கடித்த அன்று அதன் எச்சிலில் ஒன்றும் இல்லை. அதற்காக இந்தப் பக்கம் பத்து நாள் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. எங்கள் மாகாணமான க்வாஸூலு-நட்டாலில் இந்த நோய் 1976-இல் மொசாம்பிக் பக்கமிருந்து மறுபடி நுழைந்தது, இன்னும் கிளம்பின பாடில்லை. ஊசியைத் தொடங்கிவிட வேண்டும், நாய் நன்றாக இருந்தால் அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம். நாய் காணாமல் போனால் அந்தப் பையன் எல்லா ஊசியையும் போட்டே தீர வேண்டும். போட்டான்.

சட்டத்துக்கு ஜனங்கள் பயப்படுவதும் வீண் பயமில்லை. இங்கே திருட்டுப் பயத்தில் வீட்டுக்கு வீடு பெரிய நாய், கேட்டில் ‘பாசோப்’ (ஜாக்கிரதை) என்று பலகை. நாய் கடித்தால் உரிமையாளரின் கவனக்குறைவை நிரூபிக்கக்கூட வேண்டாம், நாய் உன்னுடையது என்பதே போதும் என்பது ரோமானியர் காலத்திலிருந்து வரும் விதி. தெருவில் நடந்துபோன ஒரு தோட்டக்காரரை ஒரு வீட்டு நாய்கள் குதறி, அவர் கையையே எடுக்க வேண்டியதாயிற்று. யாரோ பூட்டை உடைத்து கேட்டைத் திறந்துவிட்டார்கள் என்று நாய்க்காரர் வாதாடிப் பார்த்தார். 2020-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்றது. கவுண்டரில் நின்று யாராவது, “நாய் எங்கே இருக்கு என்று சொன்னால் கேஸ் ஆகிவிடுமா?” என்று கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. ஆகலாம். ஆனால் நாயை ஒளித்தால் கடிபட்டவன் உயிரோடு விளையாடுகிறோம், நாயின் தடுப்பூசி அட்டையோடு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பேன். நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதமாவது இடைவெளி விட்டு வருஷத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருஷத்துக்கு ஒன்று. பூனைக்கும் சேர்த்துத்தான். பூனைக்காரர்கள் இதைக் கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பூனை என்றதும் ஞாபகம் வருகிறது, என்னைக் கடித்தது நாய் இல்லை, ஒரு தெருப்பூனை. ஊசி மாதிரிப் பல், வெளியே புள்ளிதான் தெரியும், சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்தபோதே முன்தடுப்பு ஊசி போட்டிருந்ததால், கடித்த அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, அதோடு முடிந்தது. வீக்கத்துக்குத்தான் ஒரு வாரம் மாத்திரை. மாம்பழக் காலத்தில் குரங்கு கீறியதென்று வருகிறவர்களும் உண்டு. இங்கே குரங்குக்கு வெறிநோய் மிக மிக அபூர்வம், இருந்தாலும் சோப்பும் டாக்டரும் அங்கேயும் உண்டு.

போன சனிக்கிழமை மத்தியானம், கடையை மூடும் நேரத்தில், ஒரு இளைஞன் அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே துண்டில் சுற்றிய குட்டி, இறந்திருந்தது. இரண்டு நாளாகத் தாடை தொங்கியதாம். பெட்டியைத் தரையில் வைக்கச் சொன்னேன், கையுறை மாட்டிக்கொண்டேன், அவனைக் குழாயடிக்கு அனுப்பினேன். அவன் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டேன்: இதை யார் யார் தூக்கினீர்கள்? யார் முகத்தை நக்கியது? யாருக்குக் கையில் புண் இருந்தது? யார் இதோடு படுத்தார்கள்? வாயைத் திறந்து பார்த்தது யார்?

“கடிக்கவே இல்லை அக்கா” என்றான்.

“அதை நான் கேட்கவில்லை” என்றேன்.

நுரை படிந்த விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தான். அம்மா, தங்கை, மாடிவீட்டுப் பையன்கள் இரண்டு பேர், பால் ஊற்ற வந்த ஆயா. ஒரு கை முடிந்துவிட்டது. அடுத்த கைக்குப் போனான். நான் புதுத்தாள் எடுத்துக்கொண்டு வந்தேன்.