ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத தொண்டைக் காய்ச்சல்

எங்கள் லேபுக்குக் காய்ச்சலோடு வரும் காலேஜ் பிள்ளைகளின் சீட்டில் பெரும்பாலும் மூன்று டெஸ்ட்தான் இருக்கும்: சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கை, டெங்கு, டைஃபாய்டுக்கான வைடால். இவற்றில் பிடிபடாமல், ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காமல், தொண்டை மட்டும் அடைத்துக்கொண்டே போகிற காய்ச்சல் ஒன்று உண்டு. மோனோநியூக்ளியோசிஸ், சுருக்கமாக மோனோ. 15 முதல் 24 வயதுப் பிள்ளைகளைத்தான் இது அதிகம் படுக்கப் போடுகிறது.

என் அக்கா மகளுக்கு வந்தது இதுதான். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்; காலேஜ் கபடி டீமில் ரைட் கார்னர். டான்சில் இரண்டும் வீங்கி வெள்ளை படர்ந்து, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் அமாக்சிசிலின் கொடுத்தார்கள். அது முடிவதற்குள் நெஞ்சு, முதுகெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. "மருந்து ஒத்துக்கலை" என்று எழுதி, வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்தபோது கண் இமை உப்பியிருந்தது. பிடரிப் பக்கம் விரலை ஓட்டினால் வரிசையாக நெறி. சாதாரணத் தொண்டைப் புண்ணுக்குத் தாடைக்குக் கீழேதான் நெறி கட்டும். பின்கழுத்தில் கட்டியதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

ரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் நானே ஸ்மியராக இழுத்தேன். வெள்ளையணுக்களில் லிம்போசைட் என்ற வகை பாதிக்கு மேல் என்று சொல்வதோடு அணுக்களை எண்ணும் மெஷின் நின்றுவிட்டது. லெய்ஷ்மன் சாயம் போட்டு ஆயில் லென்ஸில் பார்த்தேன். லிம்போசைட் வழக்கமாகச் சின்னதாக, உருண்டையாக இருக்கும். இவையோ பாவாடை விரித்து உட்கார்ந்தாற்போல் பரந்து கிடந்தன. பக்கத்துச் சிவப்பணுவைத் தொடும் இடத்தில் வளைந்து, ஓரம் அடர்நீலமாக. வைரஸ் புகுந்த செல்களை ஒழிக்க உடம்பு அனுப்பிய டி செல்கள் இவை. எங்கள் பேத்தாலஜி டாக்டரும் பார்த்தார். மோனோவைக் கொண்டுவரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் (ஈபிவி) புதிதாகத் தொற்றியதைக் காட்டும் ஐஜிஎம் டெஸ்ட்டும் பாசிட்டிவ் என்று வந்தது.

அன்று ராத்திரி அக்கா போனில் தேடி, 'முத்த நோய்' என்று எங்கோ படித்துவிட்டு மகளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். காய்ச்சலைவிட இதுதான் பிள்ளையை வதைத்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் எச்சில் வழியாகப் பரவுவது. உலகில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அது உடம்பில் இருக்கிறது. நம் ஊரில் பலருக்கும் குழந்தையிலேயே, வீட்டார் எச்சில் பட்ட சோற்றிலோ தம்ளரிலோ தொற்றி, சாதாரண சளி மாதிரி போய்விடும். அப்போது தப்பியவர்களுக்குப் பருவ வயதில் வந்தால்தான் இந்தப் பாடு. தொற்றி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் காய்ச்சலே தொடங்கும். ஒருமுறை வந்தவர் எச்சிலில் ஆயுசுக்கும் அவ்வப்போது வைரஸ் இருக்கும். யாரிடமிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கிற டீம் அது. "அக்கா, அவளை எதுவும் கேக்காத. கஞ்சி வச்சுக் கொடு" என்றேன்.

1964-ல் லண்டனில் கண்டுபிடித்த வைரஸ் இது. மோனோவுக்குக் காரணமும் இதுதான் என்று தெரிந்தது பிலடெல்பியாவில், ஹென்லே தம்பதியின் லேபில். அங்கே வேலை பார்த்த ஒரு டெக்னீஷியனுக்கு மோனோ வந்தது. அதற்கு முன் அவர் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு ஆன்டிபாடி இல்லை, பின்பு இருந்தது. 1968-ல் அதை எழுதினார்கள். அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. பாராசிட்டமால், தண்ணீர், உப்புநீர்க் கொப்பளிப்பு, ஓய்வு, அவ்வளவுதான். ஆஸ்பிரின் கூடவே கூடாது. காய்ச்சல் விட்டாலும் அசதி வாரக்கணக்கில் நீளும். "சோம்பேறித்தனம்" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள்.

எனக்குப் பெரிய பயம் மண்ணீரல். ஸ்கேனில் அது வீங்கியிருந்தது. வீங்கிய மண்ணீரல் அடிபட்டால் கிழியலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. இடது மேல்வயிற்றிலோ இடது தோளிலோ திடீர் வலி, மயக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டாலும் அப்படித்தான்.

காய்ச்சல் விட்டதும், "சித்தி, ஸோனல் மேட்ச் வருது, கார்னர்ல சும்மா நின்னா போதும்ல?" என்றாள். கார்னரில் யார் சும்மா நிற்கிறார்கள்? ரெய்டர் காலைப் பிடித்தால் நாலு பேர் மேலே விழுவார்கள். குறைந்தது ஒரு மாதம், அதன்பிறகும் டாக்டர் சொன்னால்தான் என்று அவள் கோச்சுக்கு நானே போன் செய்தேன். அவரும் ஒத்துக்கொண்டார். அமாக்சிசிலின் விஷயம்தான் பாக்கி. மோனோவில் அந்தத் தடிப்பு பலருக்கு வரும். அதனாலேயே அது நிரந்தர அலர்ஜி ஆகிவிடாது. ஃபைலில் இருக்கும் அந்த வரியை அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டிக் கேட்கப் போகிறோம்.