செய்தவர் பெயர் இல்லாத பொருட்கள்

வான்கூவரில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தபோது, தால்டான் மக்களோடு சேர்ந்து ஒரு கண்காட்சி தயாரித்தோம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கில், ஸ்டிக்கீன் ஆற்றுப் பக்கம் வாழும் பூர்வகுடிகள் அவர்கள். எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது, பக்கத்தில் என்ன எழுதுவது என்று எல்லாமே அங்கிருந்து வந்த குழுவோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவானது.

கிடங்கில் ஒரு கத்தி உறை இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்வது, சிவப்புக் கம்பளித் துணியில் சின்னச் சின்ன மணிகள் கோத்துக் கட்டம் கட்டமாகத் தைத்தது. பழைய பதிவு அட்டையில் சேகரித்த வெள்ளைக்காரரின் பெயரும் வருடமும் இருந்தன, தைத்தவர் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் என்ற நஞ்சைத் தடவுவார்கள் என்பதால் முதலில் பரிசோதித்துவிட்டுத்தான் கையில் கொடுத்தோம். குழுவில் வந்த மூதாட்டி முன்பக்கத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, உறையைத் திருப்பி உள்தையலை வெகுநேரம் பார்த்தார். எந்த இடத்தில் நூல் மாறியிருக்கிறது, எங்கே பிறகு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார், நான் எழுதிக்கொண்டே போனேன். தைத்தவர் யாரென்று அவராலும் சொல்ல முடியவில்லை. அதனால் லேபிளில் 'தைத்த பெண்ணின் பெயர் எழுதிவைக்கப்படவில்லை' என்பதே முதல் வரியாக வர வேண்டும் என்றார். அப்படியே போட்டோம், எனக்கு அது சரியாகவே பட்டது.

ஜேம்ஸ் டெய்ட் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1912-லும் 1915-லும் தால்டான் மக்களிடம் போய் அவர்கள் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். காட்சிக்கூடத்தில் பாட்டு ஒலித்தால் நன்றாக இருக்கும் என்று எங்கள் பக்கம் ஆசைப்பட்டோம். ஆனால் காகம், ஓநாய் என்று அவர்களிடம் இரண்டு குலங்கள், அதுவும் தாய்வழி. பாட்டுக்கும் சின்னத்துக்கும் உரிமைக்காரர்கள் உண்டு. கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் போடக் கூடாது என்றார்கள், விட்டுவிட்டோம்.

நுழைவாயிலில் 1910 அக்டோபர் 18 அன்று அவர்கள் வெளியிட்ட பிரகடனத்தை வைக்கச் சொன்னார்கள். எங்கள் மக்களின் இந்த நிலம் முழுதும் எங்களுடையது, ரத்தம் சிந்திக் காத்தது என்று சொல்லும் பிரகடனம். மணிவேலையைப் பார்க்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

இந்த மாதிரி வேலை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பயணச் செலவை முதலில் ஒதுக்குங்கள். தால்டான் மக்கள் வாழும் டெலிகிராஃப் கிரீக் என்ற ஊரிலிருந்து பக்கத்து ஊரான டீஸ் லேக் வரவே 112 கிலோமீட்டர் மலைச்சாலை, அதற்கப்புறம் வான்கூவர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வயதானவர்கள் துணைக்கு ஆளோடு வர வேண்டும், ஒரு தடவை வந்தால் போதாது.