ஆறு இலக்கமா, பென்டிரைவ் மாதிரி ஒரு சாவியா?

போன மழைக்காலத்தில் பைக்கில் போகும்போது சட்டைப் பையிலிருந்து போன் நழுவி ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த ஆட்டோ அதன்மேல் ஏறிப் போனது. ரிப்பேர் கடைத் தம்பி பிரித்துப் பார்த்துவிட்டு, "போர்டே போச்சு சார்" என்றார். போட்டோ, போன் நம்பர் எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருந்தன. பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலியில் வைத்திருந்த பதினொரு கணக்குகள்தான் போனோடு போய்விட்டன. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023-லேயே கிளவுடில் சேமிக்கும் வசதி வந்துவிட்டது. ரகசியம் கைவிட்டுப் போகக் கூடாது என்ற வீறாப்பில் நான்தான் அதைத் தொடவில்லை.

பத்துக் கணக்குகளை இரண்டு நாளில் மீட்டுவிட்டேன். என் இணையதளத்தை வைத்திருந்த ஒரு நிறுவனம் மட்டும், பெயர் வேண்டாம், அடையாள அட்டை கேட்டு, அதைப் பிடித்தபடி போட்டோ கேட்டு, ஒன்பது நாள் இழுத்தடித்தது.

அந்த எரிச்சலில் செக்யூரிட்டி கீ, அதாவது எண்ணுக்குப் பதிலாக பென்டிரைவ் மாதிரி சொருகும் ஒரு சாவி, வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மச்சினனுக்கு அது நடந்தது. "உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது" என்று ஒரு மெயில். லிங்கைத் தட்டினான், பாஸ்வேர்டு போட்டான், செயலியைத் திறந்து ஆறு இலக்கத்தையும் போட்டான். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் மறுமுனையில் இருந்த திருடன் அதே எண்ணை நிஜத் தளத்தில் போட்டு உள்ளே போய்விட்டான்.

"ரெண்டு அடுக்குப் பாதுகாப்பு இருந்துச்சே மாமா" என்றான். இருந்தது. ஆனால் அந்த ஆறு இலக்கம் எப்படி வருகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சரம் நம் போனுக்கு வருகிறது. அதே சரம் தளத்திடமும் இருக்கிறது. இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்து 30 நொடிக்கு ஒரு எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் நெட் இல்லாமலும் வேலை செய்கிறது. ஆனால் எண்ணை யாரிடம் கொடுக்கிறோம் என்பது செயலிக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான், நாம் பார்ப்பதில்லை.

சாவி அப்படியில்லை. பதிவு செய்தபோது இருந்த தள முகவரியோடு அது கட்டப்பட்டிருக்கிறது. முகவரியை பிரவுசரே சாவியிடம் சொல்கிறது. ஒரு எழுத்து மாறிய போலித் தளம் கேட்டால் கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. 2022-இல் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தில் மூன்று ஊழியர்கள் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தே விட்டார்கள். எல்லோரிடமும் சாவி இருந்ததால் திருடனால் உள்ளே வர முடியவில்லை.

சரி என்று வாங்கினேன். ஒன்று அல்ல, இரண்டு. ஒன்று தொலைந்தால் மறுபடி ஒன்பது நாள் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. ஆப்பிள் கணக்கில் இரண்டு சாவி இல்லாமல் சேர்க்கவே விடுவதில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஆறாயிரத்தைத் தாண்டியது. கூரியரைப் பிரித்ததும் அம்மா, "இந்தப் பென்டிரைவுக்கா இவ்வளவு காசு?" என்றார்.

மெயிலில் சேர்க்க பத்து நிமிடம். சாவிக்கு ஒரு பின் நம்பர் வைக்கச் சொன்னது. தொடர்ந்து எட்டு முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அழித்துவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். லேப்டாப்பில் சொருகினால் நடுவிலிருக்கும் வட்டம் பச்சையாக மினுக்கும், விரலை வைத்தால் முடிந்தது. போனில்தான் பாடு. போனின் முதுகில் சாவியை எங்கே வைத்தாலும் கண்டுகொள்ளவில்லை. தடிமனான கவரைக் கழற்றி, கேமராவுக்குக் கீழே மெல்ல நகர்த்தியபோது ஓரிடத்தில் அதிர்ந்தது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் வைப்பேன்.

பலர் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். சாவியைச் சேர்த்ததால் பழைய வழிகள் மூடிக்கொள்வதில்லை. "வேறு வழியில் முயல்க" என்பதைத் தட்டினால் அதே செயலி, அதே எஸ்எம்எஸ் வந்து நிற்கும். வாசலில் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டு கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. மெயில் கணக்கிலிருந்து செயலியையும் நம்பரையும் நீக்கினேன். சாவி கையில் இல்லாதபோது உள்ளே போக மெயில் தரும் பத்து பேக்கப் கோடுகளை மட்டும் அச்சடித்து, இரண்டாவது சாவியோடு பீரோவில் வைத்தேன். அந்தக் கோடையும் ஏமாந்து கொடுக்கலாம்தான், ஆனால் எழுந்து போய் பீரோவைத் திறப்பதற்குள் புத்தி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

ஆக, மற்ற எல்லாவற்றையும் மீட்கும் வழியாக இருக்கும் மெயிலுக்குச் சாவி. மீதிக்குச் செயலியே போதும். பல தளங்களில் சாவிக்கு இடமே கிடையாது. என் வங்கி இன்னும் எஸ்எம்எஸ் ஓடிபியோடுதான் நிற்கிறது. கியூஆர் கோடு வரும்போது மட்டும் அதே கோடைப் பழைய போன் ஒன்றிலும் ஸ்கேன் செய்துவிடுகிறேன்.

அந்தப் பழைய போன் சிம் இல்லாமல், நெட் இல்லாமல் மேஜை டிராயரில் கிடக்கிறது. போன வாரம் சோதித்துப் பார்க்கலாம் என்று சார்ஜ் ஏற்றி, அது காட்டிய எண்ணைப் போட்டேன். தவறு என்றது. அடுத்ததும் தவறு. வயிற்றைக் கலக்கியது. அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். போன் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. வைஃபையில் இணைத்ததும் நேரம் சரியானது, அடுத்த எண் முதல் தடவையிலேயே போனது.