ரேஸ் முடித்த குதிரை கொரங்காட்டுக்கு வந்தபோது

பெங்களூரில் ஓடிக்கொண்டிருந்த குதிரை. ஏழு வயது, காயடித்த ஆண். முன்னங்கால் தசைநாண் கிழிந்து, ஆறினாலும் பந்தயத்துக்கு ஆகாது என்றானதும் பந்தயம் முடித்த குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு வந்துவிட்டது. அங்கிருந்து அதை நான் தத்தெடுத்தேன். பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோப்ரெட் இனக் குதிரைகள் நல்ல பராமரிப்பில் 25 வயதைத் தாண்டும். பந்தயத்தில் ஓடுவதோ ஒரு சில வருஷம்தான். மிச்சக் காலம் முழுக்கத் தீனி போடுவது யார் என்பதுதான் காப்பகங்களின் கவலை.

இலவசம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். குதிரைக்குக் காசு வாங்குவதில்லை, சரி. ஆனால் விண்ணப்பத்தைப் படித்தாலே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். விற்கக் கூடாது, பந்தயத்துக்கு விடக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் காப்பகத்துக்கே திருப்பித் தர வேண்டும். "உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்?" என்றும் ஒரு கேள்வி. எனக்கு ஐம்பதுக்கு மேல் ஆகிறது. மகளும் கையெழுத்துப் போட்டாள்.

மூலனூர் பக்கம் எங்களுக்குக் கொரங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலம், இருக்கிறது. காப்பகத்திலிருந்து பார்வையிட வந்தவர் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மர நிழலையும் பாராட்டிவிட்டு நேரே வேலிக்குப் போனார். கிளுவை முள்வேலி ஆட்டுக்கும் மாட்டுக்கும் போதும். மிரண்டால் கண்மண் தெரியாமல் ஓடும், தோலும் மெல்லிய இந்தக் குதிரைக்கு ஆகாது என்றார். முள்கம்பியென்றால் பேச்சுக்கே இடமில்லை. உள்பக்கமாகச் சவுக்குக் கம்பில் இன்னொரு வேலி போட்டோம். மொத்தச் செலவில் பெரியது அதுதான்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைக் கொன்றுவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கான தேசிய ஆய்வகம் ஹரியானாவில், ஹிசாரில் இருக்கிறது. முடிவு வரும்வரை வண்டி ஏற்ற முடியாது. அப்புறம் பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்றிதழ், உடம்பில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணைக் குதிரையின் பாஸ்போர்ட்டோடு, அதாவது அடையாளப் புத்தகத்தோடு, ஒத்துப்பார்ப்பது. இதெல்லாம் பொறுமை இருந்தால் நடந்துவிடும்.

கஷ்டம் வந்து இறங்கிய பிறகுதான். பந்தயக் குதிரை நாளின் பெரும்பகுதியை லாயத்துக்குள்ளேயே கழிக்கிறது. வேளாவேளைக்கு ஓட்ஸ் வரும், சைஸ் (குதிரைக்காரர்) வருவார், பயிற்சிக்கு இழுத்துப் போவார். திறந்த வெளியில் தனியாக விட்டதும் மேயத் தெரியாமல் வேலியோரமே நடந்துகொண்டிருந்தது. மயிலம்பாடி ஆடுகளைப் பக்கத்தில் விட்ட பிறகே அடங்கியது.

தீனியை ஒரேயடியாக மாற்றக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் கோளாறு வந்தால் அந்த வயிற்றுவலியே உயிரை எடுத்துவிடும். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் தானியத்தைச் சிறுகக் குறைத்து, காய்ந்த புல்லையும் கொஞ்சம் குதிரைமசால் என்ற பசுந்தீவனத்தையும் கூட்டினோம். 450 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது கிலோ காய்ந்த தீவனமாவது வேண்டும். கொள்ளு வேகவைத்துப் போடச் சொல்லி ஊரில் எல்லோரும் யோசனை சொன்னார்கள். வேலையில்லாமல் நிற்கிற குதிரைக்கு அவ்வளவு தெம்பு எதற்கு என்றார் மருத்துவர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

குளம்பு இன்னொரு கதை. பந்தயத்துக்கு அடிக்கும் மெல்லிய அலுமினிய லாடத்தைக் கழற்றியதும் கல் தரையில் நொண்டியது. மாட்டுக்கு லாடம் அடிக்கிற பெரியவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வேலை இல்லீங்க" என்று போய்விட்டார். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவியாக வேண்டும். அதற்குப் பெங்களூரிலிருந்துதான் ஆள் வருகிறார். போக்குவரத்துச் செலவே கூலியைவிட அதிகம்.

ஏறிச் சவாரி செய்கிறீர்களா என்று கேட்காதவர்கள் இல்லை. அந்தக் கால் முழுக்க ஆறவே வருஷக்கணக்காகலாம். ஆறினாலும் மருத்துவர் சொன்னால் மட்டும், அதுவும் மெதுநடை.

தாராபுரத்தில் ஒருவர் இப்போது காப்பகத்தில் ஒரு குதிரைக்கு விண்ணப்பித்திருக்கிறார். கிடைத்தால் குளம்பு சீவ வருகிறவரின் வண்டிச் செலவை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். முதலில் சவுக்குக் கம்புக்குச் சொல்லி வையுங்கள் என்றேன் அவரிடம்.