ட்ரோனுக்குத் தண்ணீர் தெரியாது

வயலுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டால் பயிர் எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று திரையில் வந்துவிடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். விற்பவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசுகிறார்கள். கேமராவில் பதிவது இலை திருப்பி அனுப்பும் ஒளியும் அதன் சூடும்தான், மீதியெல்லாம் கணக்கு.

வேருக்கு ஈரம் கிடைக்கிறவரை இலைத்துளைகள் திறந்திருக்கும், நீர் ஆவியாகும்போது சூட்டையும் கூடவே கொண்டுபோகும், இலை குளிர்ந்திருக்கும். ஈரம் குறைந்தால் துளைகள் மூடிக்கொள்ளும், இலை சுடும். பயிர் வாடுவது நம் கண்ணில் படும் முன்பே தெர்மல் கேமராவில் இது பிடிபட்டுவிடும்.

சரி, தவிப்பது தெரிந்தாயிற்று, எவ்வளவு பாய்ச்சுவது? இங்கே வானிலை இல்லாமல் நகர முடியாது. வெயில், காற்று, ஈரப்பதம், வெப்பநிலை நான்கையும் வைத்து அன்றைய அடிப்படை நீர்த்தேவையைக் கணக்கிட ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அந்த அடிப்படைத் தேவை 5 மில்லிமீட்டர், பயிர்க் குணகம், அதாவது அதை நம் பயிருக்கு ஏற்றபடி மாற்றப் பெருக்கும் எண், 0.8 என்றால் தேவை 4 மில்லிமீட்டர், அதாவது ஹெக்டேருக்கு 40,000 லிட்டர். அந்தக் குணகத்தைப் பொது அட்டவணையிலிருந்து எடுக்காமல், சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியும் காட்டும் பசுமைக் குறியீட்டிலிருந்து இடத்துக்கு இடம் மதிப்பிடலாம் என்பதுதான் ட்ரோனால் வரும் லாபம்.

ஆனால் தெர்மல் படத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். ட்ரோனில் வரும் சாதாரண தெர்மல் கேமராக்கள் பலவற்றுக்கு ±5 டிகிரி வரை பிழை வரலாம் என்று தயாரிப்பாளர்களே போட்டிருப்பார்கள், நாம் தேடுவதோ இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தை! அதனால் வெப்பநிலை தெரிந்த ஏதாவது ஒன்று, ஒரு அகலத் தொட்டித் தண்ணீர்கூடப் போதும், படத்துக்குள் இருக்கவேண்டும். கேமராவைப் போட்டவுடன் பறக்கக் கூடாது, சூடேறி நிலைப்பதற்குள் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். உச்சிவெயிலில் பறப்பது நல்லது, பாதியில் மேகம் மறைத்தால் அந்தப் படங்களை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் மண். இளம்பயிரில் வரிசைகளுக்கு இடையே வெறும் மண் கொதிக்கும், அது இலையோடு ஒரே புள்ளியில் கலந்தால் நன்றாக நனைந்த பயிர்கூடத் தவிப்பதுபோல் காட்டும். மண் புள்ளிகளை நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்கவேண்டும்.

என்னைக் கேட்டால், எவ்வளவு என்பதை வானிலைக் கணக்கும் மண் ஈரமானியும் சொல்லட்டும், எங்கே என்பதை ட்ரோன் சொல்லட்டும். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளியே 100 மீட்டர், ஒரு ஹெக்டேர் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். ட்ரோன் படத்தில் அடைத்துக்கொண்ட ஒரே ஒரு சொட்டுக்குழாய் வரிசைகூடச் சூடான கோடாகத் தனியே தெரியும், அதைச் சரிசெய்ய எந்தச் சமன்பாடும் வேண்டாம்.