போட்டால் அணையும், அணைத்தால் எரியும்

சென்னை புதுப்பேட்டையின் பழைய கார் பாகக் கடை ஒன்றில், என் மாருதி 800-க்கு ஒரு பழைய மீட்டர் கிடைத்தது. ஸ்பீடு, பெட்ரோல் முள்ளும் எச்சரிக்கை லைட்டுகளும் இருக்குமே, அந்த மீட்டர். காரில் மாட்டுவதற்கு முன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக் கழுத்தை முறித்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. மேஜை மேலேயே வைத்துச் சோதிக்க ஒரு ஸ்விட்ச் பெட்டி செய்துவிடலாம், ஒரு மணி நேர வேலை என்று வீட்டில் சொன்னேன். சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

கரண்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டி, இருந்தது. பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடத் தொடங்கும், மஞ்சளில் 12 வோல்ட் வரும். பெட்டிக்கு அம்மாவின் ரவை டப்பா. கேட்டுத்தான் எடுத்தேன் என்று சொன்னால் பொய். ஏழு ஸ்விட்ச்சுக்காக, சால்டரிங் அயர்னால் சுட்டு ஏழு ஓட்டை போட்டேன். வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம்.

சாதா ஸ்விட்ச் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் போட்டதும் சிவப்பாக எரிகிற ஸ்விட்ச்தான் வேண்டும் என்று மனசு கேட்டது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் “லைட் எரியற ஸ்விட்ச்” என்று கேட்டு ஏழு வாங்கி வந்தேன். ஏழும் மீட்டர் லைட்டை எரியவிட்டன, தாங்கள் எரியவில்லை. மறுநாள் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார். 250 வோல்ட். “சார், இது எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போடறது. உள்ள நியான். 12 வோல்டுக்கெல்லாம் அது கண்ணைத் தொறக்காது.” எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

பதிலுக்கு வாங்கி வந்த 12 வோல்ட் எல்இடி ஸ்விட்ச்சுக்கு மூன்று பின். இரண்டு வெள்ளி நிறம், ஒன்று பித்தளை. பளபளவென்று இருப்பதுதான் முக்கியமானதாக இருக்கும் என்று பித்தளையை மீட்டருக்குக் கொடுத்து, வெள்ளி ஒன்றை எர்த்தில், அதாவது மைனஸில், சேர்த்தேன். ஸ்விட்ச்சைத் தட்டியதும் எஸ்எம்பிஎஸ் ஃபேன் நின்றுபோனது. நேர் ஷார்ட். நல்ல வேளையாக அதற்கு என்னைவிட அறிவு அதிகம். பித்தளைதான் எல்இடியின் எர்த் என்று அப்புறம் தெரிந்தது.

மாற்றிப் போட்டேன். இக்னிஷன், இரண்டு இண்டிகேட்டர், மீட்டர் லைட் நான்கும் ஜோராக எரிந்தன. ஆயில், ஹேண்ட்பிரேக், சார்ஜ் மூன்றும் ஒழுங்காக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த மூன்று ஸ்விட்ச்சும் ஆஃபில் பளிச்சென்று எரிந்தன. ஆன் செய்தால் மீட்டரில் ஆயில் லைட் வந்தது, ஸ்விட்ச் அணைந்தது. வயரைப் பிடுங்கி மறுபடி வைத்தேன். அதே கதை. அம்மா எட்டிப் பார்த்து, “போட்டா அணையுது, அணைச்சா எரியுது. உங்கப்பா மாதிரியே இருக்கு” என்றாள். ஹாலில் பேப்பர் சலசலத்தது, பதில் வரவில்லை.

காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. இண்டிகேட்டருக்கு ஸ்விட்ச் வழியாகப் பிளஸ் போகிறது. ஆயில் லைட் அப்படி இல்லை. சாவி போட்டதும் மீட்டருக்குள் பிளஸ் வந்து காத்திருக்கும், இன்ஜினில் உள்ள சென்சார் எர்த் கொடுத்தால் எரியும். ஆயில் பிரஷர் ஏறினால் எர்த்தை விட்டுவிடும், அணையும். பழைய கார்களில் கதவைத் திறந்ததும் உள்விளக்கு எரிவதும் இதே எர்த் வித்தைதான். ஆக, என் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது, மீட்டர் பல்பு வழியாகவே கரண்ட் ஊர்ந்து வந்து ஸ்விட்ச்சின் எல்இடியை எரித்துவிட்டு எர்த்துக்குப் போகிறது. எல்இடிக்குப் பத்துப் பதினைந்து மில்லிஆம்ப் போதும், குண்டு பல்பு அதில் கண்கூடச் சிமிட்டாது. ஆன் செய்தால் அந்தப் பின்னே எர்த் ஆகிவிடுகிறது, எல்இடிக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

வழி ஒன்றுதான். ஸ்விட்ச்சைப் பிரித்து எல்இடியைத் தலைகீழாகத் திருப்பி, பித்தளைப் பின்னுக்கு எர்த்துக்குப் பதில் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். நகத்தளவு ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பினேன். டிங் என்று ஒரு சத்தம், ஸ்பிரிங் போன திசை தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து அரை மணி நேரம் தேடியதில் என் பழைய பேனா ஒன்று கிடைத்தது. சரி, வந்தவரை லாபம் என்று அதன் ஸ்பிரிங்கையே நறுக்கிப் போட்டேன். கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது, ஆனால் தட்டினால் எரிகிறது. மற்ற இரண்டையும் பாலிதீன் கவருக்குள் கையை விட்டுப் பிரித்தேன். பெட்ரோல் முள்ளுக்கும் டெம்பரேச்சர் முள்ளுக்கும் வைத்த, திருகினால் முள்ளை ஏற்றி இறக்கும் ரெசிஸ்டர்கள் முதல் முயற்சியிலேயே வேலை செய்தன. எது கழுத்தறுக்கும் என்று பயந்தேனோ அது பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஏழு ஸ்விட்ச்சும் சொன்ன பேச்சுக் கேட்டதும் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். லெஃப்ட் இண்டிகேட்டரைத் தட்டினேன். பச்சை அம்பு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது.

“ஏன்டா, இண்டிகேட்டர்னா விட்டு விட்டுத்தானே எரியும்?” என்றாள் அம்மா.

அப்படிச் சிமிட்ட வைக்கிற ஃப்ளாஷரை வைக்க மறந்திருந்தேன். நான் அதற்கு ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா ரவை டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஸ்விட்ச்சை டக்... டக்... டக் என்று தட்டத் தொடங்கினாள். அம்பு அழகாகச் சிமிட்டியது. அப்பா பேப்பரைக் கீழே இறக்கி, “ரைட் போடு” என்றார்.

வருகிற சனிக்கிழமை மறுபடி ரிச்சி தெரு. வரும் வழியில் மூடி இறுக்கமான டப்பா ஒன்றும் வாங்கி வர உத்தரவு.