ஸ்லைடரோட மல்லுக்கட்டின ஒரு மாசம்

ஃபுட்போல் வீடியோ கேம் விளையாடுறன் எண்டு ஒபிஸ்ல சொன்னா மெஸ்ஸியா ரொனால்டோவா எண்டு தான் எல்லாரும் கேக்கினம். இல்லடா இது அமெரிக்கன் ஃபுட்போல், அதிலயும் யூனிவர்சிட்டிப் பெடியள் விளையாடுறது எண்டு சொன்ன உடன கதைய மாத்திடுவினம். அந்தக் கேமை நிச மெச் மாதிரி ஆக்க, ஸ்லைடர் எண்ட செட்டிங்கோட நான் ஒரு மாசம் மல்லுக்கட்டின கதை தான் இது. கொழும்பில இத ஆருக்கும் விளங்கப்படுத்துறதெண்டா நான் பள்ளிக்கூடக் கிரிக்கெட் பிக் மெச்சைத் தான் இழுக்கிறது. றோயல்-தோமியனுக்கு அறுவது வயசு ஓல்ட் போயும் லீவு போட்டுட்டு கொடியோட எஸ்எஸ்சி கிரவுண்டுக்குப் போறார் எல்லோ, பப்பரே பேண்ட் அடிக்குது எல்லோ, அதையே ஒவ்வொரு சனிக்கிழமையும் நாடு முழுக்க நடத்தினா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அவ்வளவு தான். அங்க ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் முதல் தரம் மோதினது 1897இல, இண்டைக்கும் அந்த மெச் கிழமையில ரெண்டு பக்கச் சனமும் ஒண்டோட ஒண்டு முகம் குடுக்காது.

என்ட அண்ணா மாஸ்டர்ஸ் படிக்கக் ஒஹாயோ ஸ்டேட் இருக்கிற கொலம்பஸுக்குப் போனவர், அங்க தான் எனக்கும் இந்த வியாதி தொத்தினது. ஒஹாயோ ஸ்டேட்ட ஸ்டேடியத்தில 102,780 பேர் இருக்கலாமாம், எங்கட பிரேமதாசவில 35,000. மத்தியானம் 12 மணி மெச் எண்டா எங்களுக்கு இரவு ஒம்பதரை, அது சுகம். இரவு மெச் எண்டா தான் அண்ணா விடிய அஞ்சு மணிக்குக் கோல் எடுத்து எழுப்புவார், எழும்பாட்டி அம்மாவுக்கு எடுப்பார்.

கேமும் அவர் அனுப்பினது தான், கொலிஜ் ஃபுட்போல் 25. 2013இல இதே வரிசையில என்சிஏஏ ஃபுட்போல் 14 எண்ட கேம் வந்த பிறகு, பெடியளுக்குச் சல்லி குடுக்காம அவையள்ட உருவத்தைப் பாவிக்கிறது பிழை எண்டு கேஸ் போய், 11 வருசம் இந்த வரிசையில ஒரு கேமும் வரேல்ல. 2021க்குப் பிறகு பெடியள் தங்கட பேரை வித்து உழைக்கலாம் எண்டு சட்டம் மாறினதால தான் 2024 ஜூலையில திரும்ப வந்தது. உள்ளுக்க இருக்கிற ஒவ்வொரு உண்மையான ஆளுக்கும் 600 டொலரும் ஒரு கேமும்.

சரி, விசயத்துக்கு வாறன். இதில கஷ்டம் நாலு படி, ஃப்ரெஷ்மன், வார்சிட்டி, ஓல்-அமெரிக்கன், ஹைஸ்மன். நான் வார்சிட்டியில வெண்டு வெண்டு அலுத்துப்போய் நேர ஹைஸ்மனுக்குப் பாஞ்சன், ரோசம் தான், வேறென்ன. எடுத்த ரீம் கென்ட் ஸ்டேட், ஒஹாயோவிலயே இருக்கிற சின்ன ரீம், ஏனெண்டா ஒஹாயோ ஸ்டேட்டை வச்சு ஆரும் வெல்லலாம், அதில என்ன இருக்கு. எதிர்ப்பக்கம் அக்ரன், அதுவும் சின்ன ரீம் தான், இந்த ரெண்டும் அடிபடுறது வேகன் வீல் எண்டு ஒரு வண்டில் சில்லுக்கு. அந்த அக்ரன் குவார்ட்டர்பேக், போலை எறியிறவன், எனக்கு எதிரா 30 எறிஞ்சு 27 பிடிபட்டுது! ரெண்டு பேர் காலில தொங்கேக்கயும் சரியா நெஞ்சில கொண்டு போய்ப் போடுறான். நிசத்தில எஃப்பிஎஸ் எண்ட மேல் தரக் கொலிஜ் பிரிவில ஒரு சீசனுக்கான சாதனையே 2023இல ஒரிகன் போ நிக்ஸ் எறிஞ்ச 77 வீதச் சொச்சம் தான், சாதாரணமான ஆக்கள் 60, 65க்குள்ள தான் நிப்பினம். இங்க எனக்கு வாறவன் எல்லாம் போ நிக்ஸுக்கு அண்ணன்.

அப்ப தான் ஸ்லைடர் பக்கம் போனன். தெரியாதவைக்குச் சொல்லுறன், ஒவ்வொரு திறமைக்கும் 0இலருந்து 100 வரைக்கும் ஒரு இழுவை, தொடாட்டி 50இல நிக்கும், உங்களுக்குத் தனி, எதிர்ப்பக்கம் விளையாடுற கம்ப்யூட்டருக்கு, அதாவது சிபியுவுக்குத் தனி. எறியுற துல்லியம், பிடிக்கிறது, பிளொக்கிங் (எதிராளிய மறிக்கிறது), இன்டர்செப்ஷன் (எதிராளி எறிஞ்ச போலைப் பிடிக்கிறது), டெக்கிளிங் (ஓடுறவனைப் பிடிச்சு விழுத்துறது), ஃபம்பிள் (போல் கை நழுவுறது) எண்டு போகும், பெனல்டிக்கு வேற ஒரு பக்கம்.

நான் செஞ்ச முதல் வேலை கேவலமான வேலை. என்ட பக்கம் எல்லாத்தையும் 75க்கு ஏத்திட்டு சிபியு குவார்ட்டர்பேக்கை 10க்கு இறக்கினன். 63-7 எண்டு வெண்டன். அண்டைக்கு அக்கான்ட மகன் பக்கத்தில இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பாத்தவன், அஞ்சு யார் தள்ளி ஆருமே மறிக்காம நிக்கிறவனுக்கு அந்தாள் போலைத் தரையில எறியிறதைப் பாத்திட்டு "மாமா, அவருக்குக் கண் தெரியாதா?" எண்டு கேட்டான். பதினொரு வயசு. உடன ஓஃப் பண்ணிட்டன்.

அந்தக் கேள்வியோட தான் எனக்கு ஒண்டு பிடிபட்டுது. நான் இவ்வளவு நாளும் ஸ்லைடரை "நான் எவ்வளவு லேசா வெல்லலாம்" எண்டதுக்குப் பாவிச்சிருக்கிறன், அது கஷ்டத்தை மாத்துறது. நிசமா வரவேணும் எண்டா பாக்க வேண்டியது அவன் எப்ப பிழை விடுறான் எண்டது. ஆள் மேல விழேக்க பிழை விட வேணும், சும்மா நிக்கேக்க விடக்கூடாது. அத துல்லியத்தை மட்டும் இறக்கி எடுக்கேலாது, சிபியுட பாஸ் பிளொக்கிங்கை, அதாவது எறியிறவனைக் காக்கிற மறிப்பை, இறக்கித் தான் எடுக்கலாம், என்ட டிஃபென்ஸ் கிட்டப் போனா அவன் அவசரப்பட்டு எறிவான். அதால ஓல்-அமெரிக்கனுக்கு இறங்கி, சிபியு துல்லியத்தைக் கொஞ்சம் மட்டும் இறக்கி 42இல விட்டிட்டு பாஸ் பிளொக்கிங்கை 35க்குக் கொண்டு வந்தன், இப்ப அவையள் பெரும்பாலும் 60க்கும் 68க்கும் இடையில தான் எறியினம், எறிய முதல் குவார்ட்டர்பேக்கை விழுத்துற சாக்கும் மூண்டு நாலு வருது. ஹைஸ்மன்ல திரும்ப விளையாடச் சொன்னா நான் மாட்டன், அதில தோத்தாலும் ஏன் தோத்தனான் எண்டு விளங்குறேல்ல.

ஆனா ஸ்லைடரைத் தொட முதல் மணிக்கூட்டைச் சரி பண்ணோணும், இத எனக்கு ஆரும் முதலே சொல்லியிருந்தா ரெண்டு கிழமை மிச்சம். நிச மெச்சில ஒரு ரீம் கிட்டத்தட்ட 65, 70 ப்ளே, அதாவது ஆட்ட முயற்சி, தான் ஓடும். நான் அஞ்சு நிமிசக் குவார்ட்டர் வச்சு 30 ப்ளே ஓடிட்டு, போலோட ஓடுற ரன்னிங் பேக் 60 யார் தான் ஓடினவன் எண்டு ரன் பிளொக்கிங்கை ஏத்திக்கொண்டு இருந்தனான். எவ்வளவு பைத்தியக்காரத்தனம்! இப்ப 12 நிமிசக் குவார்ட்டர், அக்ஸிலரேட்டட் க்ளொக் ஒன், அதாவது அடுத்த ப்ளேக்கு முதல் ஓடுற ப்ளே க்ளொக் கெதியா 20 செக்கனுக்கு ஓடிவரும். ஒரு மெச்சுக்கு ஒண்டரை மணித்தியாலம் போகுது, மனிசி முறைக்கிறா, அது வேற கதை.

ரன்னிங்ல இன்னொரு பொறி இருக்கு. கொலிஜ் கணக்கில சாக் வாங்கி இழக்கிற யார் ஓட்டத்தில தான் கழியும், புரொஃபெஷனல் லீக்கான என்எஃப்எல்ல எறியிற கணக்கில கழியும். நான் ஒரு நிச மெச் ஸ்கோரைப் பாத்திட்டு இவ்வளவு ஓடியும் ரீமுக்கு 90 யார் தானா, அப்ப என்ட கேம்ல ஓட்டம் கூடிப்போச்சு எண்டு குறைச்சன். பேந்து பாத்தா அதில குவார்ட்டர்பேக்கே மைனஸ் 38. ரன்னிங் பேக்கை மட்டும் தனியாப் பாக்கோணும்.

இன்டர்செப்ஷனை ரெண்டு பக்கமும் 30க்கு இறக்கினன், போலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுற லைன்பேக்கர், டிஃபென்ஸ்காரன், பாஞ்சு ஒரு கையால பிடிக்கிறது கண்ணால பாக்கேலாது. பெனல்டியில ஹோல்டிங்கை (எதிராளியப் பிடிச்சு வைக்கிறது) ஏத்தினன், ஃபோல்ஸ் ஸ்டார்ட்டும் (ப்ளே தொடங்க முதல் அசையிறது) கொஞ்சம். கிக்கிங்கைத் தொடேல்ல, என்ட கிக்கிங் ஏற்கனவே நாசம்.

ஒரு சிஆர் கொப்பி வாங்கி எழுதி வைக்கிறன். ஒரு ஸ்லைடரை மாத்தினா மூண்டு மெச்சுக்கு வேற ஒண்டையும் தொடுறேல்ல, ஒரு மெச்சில 50 யாருக்கு ஒருத்தன் பிச்சுக்கொண்டு ஓடினா அது ஸ்லைடர் இல்ல, நான் டெக்கிளைத் தவற விட்டது. இதை ஒத்துக்கொள்ளுறது தான் சரியான கஷ்டம். அண்ணா கோல்ல சிரிக்கிறார், "ரீசிஸ் எழுதேக்க நானே இவ்வளவு டேட்டா எடுக்கேல்லையடா" எண்டு.

போன ஞாயிறு நேவியோட, அமெரிக்கக் கடற்படை அகடமி ரீமோட, வச்சன், நானே ஷெடியூல்ல போட்டது. வெளியில அடைமழை, மனிசி அம்மா வீட்ட, நல்ல நேரம். நேவி எண்டா ட்ரிபிள் ஒப்ஷன், மூண்டு பேரில ஆர் போலோட ஓடுவான் எண்டு தெரியாத ஆட்டம், எறியிறது அபூர்வம், மூண்டு யார், நாலு யார், திரும்ப மூண்டு யார். மூண்டாம் குவார்ட்டர் முழுக்க என்ட கைக்குப் போல் வந்தது ஒரே ஒருக்கா. நான் நடுவால டைவ் போறவனைப் பிடிச்சா குவார்ட்டர்பேக் வெளியால போறான், அவனைப் பிடிக்கப் போனா பக்கத்தில ஓடுறவனுக்குப் பிட்ச் அடிக்கிறான். 24-20 எண்டு தோத்தன், கடைசி ஏழு நிமிசமும் அவையளே வச்சு உருட்டி முடிச்சுப்போட்டாங்கள். நான் கொன்ட்ரோலரைக் கீழ வச்சிட்டுக் கொப்பிய எடுத்தன், டெக்கிளிங் எண்ட வரியில பென்னை வச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தன். பிறகு ஒண்டும் எழுதாம மூடிட்டு, அண்ணாவுக்கு ஸ்கோரை மட்டும் அனுப்பினன்.